உட்காரச் சொன்னவர்

அக்கா என்னிடம் முதலில் பேசியது 'வணக்க'மும் இல்லை, 'வாங்க'வும் இல்லை. "உட்காரு" என்றார்.

கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளின் கடைசி வீடு அவருடையது. காடி நிறுத்த வேண்டிய இடத்தில் கால் ஒடிந்த நாற்காலிகள் நின்றன. நான் லோரியிலிருந்து இரண்டு பழைய கைவைத்த நாற்காலிகளை இறக்கிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா என்று நின்றிருந்தேன். தண்ணீர் பிறகுதான் வந்தது. முதலில் நான் இறக்கிய நாற்காலியையே காட்டி உட்காரச் சொன்னார். எதிரில் ஒரு நீல பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டு, பாசாரில் மீன் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பார்த்தது முகத்தை இல்லை. இடுப்பு, முழங்கால், பாதம்.

"பாதிதான் உட்கார்ந்திருக்க" என்றார். "மீதி எங்க?"

"என்ன மீதி?"

"மீதி ஆளு. முதுகு சாயல. குதிகால் தரையில படல. யாரோ விசில் அடிச்சா ஓடுறவன் மாதிரி இருக்க. போலீஸா, பெண்டாட்டியா?"

இரண்டும் இல்லை என்றேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். செம்பனைத் தோட்டம், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை, செமினியில் கட்டுமான வேலை, ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் என்று ஓரிடத்திலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. அப்போது வாடகை லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று வேலைகளில் எனக்கு நாற்காலியே கிடையாது. காவல் வேலையில் ஒன்று இருந்தது, உட்கார்ந்தால் திட்டு விழும். இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. "அதான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

அவர் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. என் போனில் 'குஷன் அக்கா' என்று பதிந்து வைத்திருந்தேன். அந்தத் தாமானிலும் அதுதான் பெயர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான, குள்ளமான உருவம். கழுத்தில் எப்போதும் அளவு நாடா, வாயோரத்தில் இரண்டு சிறு ஆணிகள். ஆணியை வைத்துக்கொண்டே பேசுவார், ஒருநாளும் விழுங்கியதில்லை.

பழைய நாற்காலிகளைப் புதிதாக்குவது அவர் வேலை. குப்பை லோரிக்காகச் சாலையோரம் வைக்கப்பட்டவை, இறந்துபோனவர் வீட்டிலிருந்து வந்தவை, கல்யாணமான புதுசுகள் போனில் படம் பார்த்துவிட்டு எங்கிருந்தோ தூக்கி வந்தவை. சோப்புத் தண்ணீரில் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, உள்ளே புது ஸ்பாஞ்சு வைத்து, புதுத் துணி இழுத்து அடிப்பார். இதைச் செய்பவர்கள் கிள்ளானில் வேறு ஆட்களும் உண்டு. அவர்களிடம் நாற்காலியைக் கொடுத்தால் போதும். அக்காவிடம் ஆளையும் கொடுக்க வேண்டும். யார் உட்காரப் போகிறாரோ அவர் நேரில் வந்து அரை மணி நேரமாவது உட்கார்ந்து காட்டாமல் துணியை வெட்ட மாட்டார்.

"அக்கா, சும்மா அலங்காரத்துக்குத்தான். யாரும் உட்கார மாட்டோம்" என்று ஒரு புதுப் பெண் சொன்னாள்.

"அப்ப எதுக்குமா நாற்காலி? பூந்தொட்டி வாங்கிக்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வெளியே போனாலும் இதே பார்வைதான். ஒருமுறை கிளினிக்கில் அவரோடு காத்திருந்தேன். எதிர்வரிசையில் இருந்த ஒரு சீனப் பெரியவரிடம் போய், "அங்கிள், இடது முட்டிதானே வலிக்குது?" என்று மலாய் மொழியில் கேட்டார். அவர் பயந்துபோய்க் கையிலிருந்த டாக்டர் சீட்டை மறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு மாலா ஆன்டி, "கல்யாண மண்டபத்துக்கு இவகூடப் போகக் கூடாதுலா. பொண்ணு மாப்பிள்ளையப் பார்க்க மாட்டா, யார் எப்படிக் குந்தியிருக்கான்னு பார்த்துக்கிட்டு இருப்பா" என்று என்னிடம் புலம்புவார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார். ஒரு நாள் பசியாறும்போது, ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அவராகச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடம் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சோபா தொழிற்சாலையில் தைத்திருக்கிறார். சோபாக்கள் எல்லாம் வெளிநாட்டுக்கு. தைத்து, பூட்டி, பிளாஸ்டிக் சுற்றி, கன்டெய்னரில் ஏற்றித் துறைமுகத்துக்குப் போய்விடும். தயாரான சோபாவில் தொழிலாளி உட்காரக் கூடாது. தவறி உட்கார்ந்தால் அந்த மாத அலவன்ஸ் போய்விடும். தையல்காரப் பெண்களுக்கு முதுகு இல்லாத இரும்பு முக்காலி.

"இருபத்திரண்டு வருஷம் தம்பி. எத்தன ஆயிரம் சோபா. ஒண்ணுலகூட ஒரு மனுஷன் உட்கார்ந்து நான் பார்க்கல. குண்டா, ஒல்லியா, காலைத் தூக்கி வைப்பாங்களா, நாயை ஏத்துவாங்களா, எதுவும் தெரியாது. சமைச்சுக்கிட்டே இருக்க, ஆனா யாரும் சாப்பிட்டுப் பார்த்ததில்லன்னா உனக்கு எப்படி இருக்கும்?"

தாங்க முடியாமல் ஒருமுறை ஒரு காரியம் செய்திருக்கிறார். சோபா கைப்பிடிக்குள் ஸ்பாஞ்சு வைக்கும்போது, ஒரு துண்டுத் தாளில் 'இதில் யார் உட்காருகிறீர்கள்?' என்று மலாயிலும் தெரிந்த ஆங்கிலத்திலும் எழுதி, தன் போன் நம்பரையும் போட்டு உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. சோபா கிழிந்தால்தான் அந்தத் தாள் வெளியே வரும் என்பது தைத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லா தைச்சுட்டேன்லா. அதான் தப்பு" என்றார்.

தொழிற்சாலை மூடியும் அந்த நம்பரை அவர் மாற்றவில்லை. தெரியாத நம்பரிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் எடுப்பார். எடுத்தால் என்ன வரும்? உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்லுங்கள் என்று மிரட்டுகிற ஏமாற்றுக்காரர்கள்தான். ஒருவனைப் பேசவிட்டுக் கடைசியில், "எல்லாம் சரி, நீ எதுல உட்கார்ந்து பேசுற?" என்று கேட்டார். அவன் குழம்பிப்போய் பதில் சொல்லியிருக்கிறான்.

"பிளாஸ்டிக் முக்காலியாம், பாவம்" என்றார் என்னிடம், அதே மாதிரி முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. "முதுகு போயிடும் அவனுக்கு."

அவரும் தான் செய்த எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை. உட்காருங்களேன் என்று நான் இரண்டொரு முறை சொன்னேன். பெயிண்ட் காயல, துணி அழுக்காகும், வேலை கிடக்கு என்று ஏதாவது ஒன்று சொல்லுவார்.

அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் முன்னால் வருவது பிரிக்பீல்ட்ஸ் நாற்காலி.

அந்த நாற்காலி விஷயத்தில் நானும் குற்றவாளி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய வாடகை வீட்டைக் காலி செய்ய ஓர் அம்மா என் லோரியைக் கூப்பிட்டார். பூச்சோங்கில் அடுக்குமாடிக் கொண்டோவில் இருப்பவர், ஏதோ ஆபீஸில் மேனேஜர். வீட்டில் அவருடைய அப்பா தனியாக இருந்திருக்கிறார், ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரன் வீட்டை விற்றுவிட்டான். பெரியவரும் குளியலறையில் மூன்று தடவை விழுந்துவிட்டார். நான் போனபோது அவர் அங்கே இல்லை, மகள் முன்பே அழைத்துப் போயிருந்தார். கட்டில், அலமாரி, மேசை எல்லாவற்றையும் ஏற்றி மேருவில் ஒரு பழைய சாமான் கிடங்கில் கொட்டினேன். ஜன்னலோரம் இருந்த கைவைத்த நாற்காலியை மட்டும் மகள் தொடவிடவில்லை.

"இத மட்டும் புதுசாக்கணும் அண்ணே. ஆள் இருக்கா?"

அக்காவின் விலாசத்தைச் சொன்னேன். அப்போதுதான் விஷயமும் தெரிந்தது. நாற்காலி ரிப்பேருக்குப் போகிறது, ஒரு வாரம் என்னோடு இருங்கள், நாற்காலி வந்ததும் அதோடு பிரிக்பீல்ட்ஸ் திரும்பலாம் என்று சொல்லித்தான் அப்பாவைக் கிளப்பியிருக்கிறார். புது நாற்காலி ஹாலுக்கு வந்து சேர்ந்துவிட்டால் அப்பா மெல்லப் பழகிக்கொள்வார் என்று கணக்கு.

"அப்பாகிட்ட ஏதும் சொல்லிடாதீங்க அண்ணே."

லோரிக்காரனுக்கு வாய் கிடையாது. தலையாட்டினேன்.

கிள்ளானுக்கு நாற்காலியோடு மகளும் வந்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார்: வெள்ளை பெயிண்ட், சாம்பல் துணி. அக்கா படத்தைப் பார்க்கவில்லை. "உட்காருங்க" என்றார். மகள் உட்கார்ந்தார். அக்கா நாற்காலியைச் சுற்றி வந்து, குனிந்து கால்களைத் தடவினார்.

"இது உங்களுக்கு இல்ல."

"எனக்குத்தான் அக்கா. எங்க வீட்டு ஹாலுக்கு."

"பொய் சொல்லாதீங்கலா. இதுல உட்கார்றவர் உயரமான ஆம்பள. எப்பவும் வலது பக்கம் சாய்ஞ்சு வெளிய பார்ப்பார். இந்த வலது கால மட்டும் பாருங்க, தரையில தேய்ஞ்சு குட்டையாயிருக்கு. அவர வரச் சொல்லுங்க."

அப்பாவால் இவ்வளவு தூரம் வர முடியாது என்றார் மகள்.

"அப்ப நான் வரேன். தம்பி லோரி இருக்கு."

மறுநாள் காலை பூச்சோங் போனோம். ஐந்தாவது மாடி. ஹால் முழுவதும் சாம்பல் நிறம். பெரியவர் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றை ஹாலுக்கு நடுவில் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைத்தடி, காலடியில் ஒரு துணிப்பை. மகள் எங்களை உட்காரவைத்துவிட்டு தே கலக்க அடுப்பங்கரைக்குப் போனார்.

"நீதான் நாற்காலிக்காரம்மாவா? முடிஞ்சிருச்சா?"

"இன்னும் தொடவே இல்ல ஐயா. உங்களப் பார்க்க வந்தேன். உங்க ஜன்னல் வலது பக்கமா?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "எப்படிமா தெரியும்? ஜன்னல்ல இருந்து பார்த்தா தண்டவாளம். காலையில எட்டு மணி வண்டி நாலு நிமிஷம் தாமதமா வந்தா ஊர்ல யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். வேலைய விட்டாலும் காது விடல. வீட்ட அப்படியே பூட்டிட்டு வந்திருக்கோம். இந்த வாரம் போயிடுவேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவர் கட்டிலை நான் கிடங்கில் தள்ளிய சத்தம் எனக்குக் கேட்டது. நிமிர்ந்தபோது அக்கா பெரியவரைப் பார்க்கவில்லை. என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தே குடித்துவிட்டு வெளியே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். கதவு திறந்ததும் அக்கா ஏறாமல் நின்றார்.

"பூட்டிட்டு வந்தோம்னு அவர் சொன்னப்ப நீ உட்கார்ந்தபடியே எழுந்துட்ட தம்பி. என்ன செஞ்ச?"

சொல்லிவிட்டேன். லிஃப்ட் எங்களை விட்டுவிட்டுப் போனது. அக்கா திரும்பி நடந்து மணியை அழுத்தினார். மகள் கதவைப் பாதி திறந்து, நிலைமை புரிந்ததும் வெளியே வந்து சாத்திக்கொண்டார்.

"நாற்காலி எங்க நிக்கப் போவுதுன்னு தெரியாம நான் அளவு எடுக்க முடியாதுமா. அவர் ஒரு வீட்டச் சொல்றார். நீங்க ஒரு வீட்டச் சொல்றீங்க."

"உங்க வேலை பெயிண்ட் அடிக்கிறது. எங்க குடும்பத்து விஷயம் உங்களுக்கு எதுக்கு?" மகளின் குரல் தணிந்துதான் இருந்தது. "சொன்னா சாப்பிட மாட்டார். தெரியுமா? அம்மா போனப்ப ஒன்பது நாள் பாலில்லாத தே ஓ மட்டும் குடிச்சுக்கிட்டு இருந்தார். இப்ப அப்படி இருந்தா தாங்குவாரா?"

"தெரியாது. ஆனா அந்தப் பை காலடியிலதான் இருக்கு. தினமும் கட்டி வைக்கிறாரா?"

மகள் சாத்தியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுத் துணியோட நாற்காலி வந்து நின்னா, அன்னைக்கு அந்தப் பையத் தூக்கிக்கிட்டு எழுந்திருப்பார். அப்ப என்ன சொல்லுவீங்க? நான் செஞ்ச நாற்காலிய வச்சு அவர ஏமாத்த வேணாம்மா. வேற ஆளப் பாருங்க."

கிள்ளானுக்குத் திரும்பினோம். மூன்று நாள் நாற்காலி துணி கிழிக்கப்படாமல் அப்படியே நின்றது. அக்கா மற்ற வேலைகளைச் செய்தார். அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அதன் வலது கைப்பிடியை மட்டும் ஒருமுறை தொட்டுவிட்டுப் போவார். நான்காம் நாள் போன் வந்தது. தெரியாத நம்பர் இல்லை, மகள்தான்.

"சொல்லிட்டேன் அக்கா. ரெண்டு நாள் பேசவே இல்ல. சாப்பிட்டார், ஆனா பேசல. இன்னைக்குக் காலையில உங்கள வரச் சொன்னார்."

போனோம். துணிப்பை இல்லை. பெரியவர் அதே மேசை நாற்காலியில் இருந்தார், ஆனால் வாசலைப் பார்த்து இல்லை, பால்கனிக் கண்ணாடிக் கதவைப் பார்த்து. கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்து, "கட்டில ஏத்துனது நீதானா?" என்றார்.

"ஆமா ஐயா."

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா."

தலையசைத்தார். பிறகு அக்காவிடம், "அன்னைக்கு ஜன்னல் எங்கன்னு கேட்டியே. இப்பக் கேளு" என்றார்.

"ஜன்னல் எங்க ஐயா?"

கைத்தடியால் கண்ணாடிக் கதவைக் காட்டினார். "நின்னா தூரத்துல எல்.ஆர்.டி. ரயில் போறது தெரியுது. உட்கார்ந்தா பால்கனிச் சுவரு மறைக்குது. என்னால நிக்க முடியாது."

அதன் பிறகு அக்கா யாரையும் கேட்கவில்லை. சோபாவிலிருந்த மெத்தைகளை எடுத்தார். நான் பெரியவரின் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, மகள் மெத்தையைச் செருக, அக்கா கீழே மண்டியிட்டு அளவு நாடாவைப் பிடித்தார்.

"தெரியுதா ஐயா?"

"வானம் தெரியுது."

இன்னொரு மெத்தை. "இப்ப?"

"யாரோ வீட்டுத் தண்ணித் தொட்டி."

மகள் உள்ளே போய்த் தன் கம்பளியை நான்காக மடித்துக் கொண்டு வந்தார். மூச்சு வாங்கத் தூக்கினேன். "இப்ப?"

எட்டிப் பார்த்தேன். கடைவரிசைக்கு அப்பால், தூண்களுக்கு மேலே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

"ஆறரை அங்குலம் ஏத்தணும்" என்றார் அக்கா தரையிலிருந்து.

பெயிண்ட் நிறம் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளை என்றார் மகள். பச்சை என்றார் பெரியவர்.

"அப்பா, ஹால் முழுக்க ஆஷ் கலர். பச்சை எப்படிப்பா பொருந்தும்?"

"முப்பத்தொரு வருஷம் ஊருக்கெல்லாம் பச்சை காட்டினேன். எனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். துணி நீ எடு."

கிள்ளானுக்குப் போகும் வழியில் அக்காவைக் கேட்காமலே மேருவிலிருந்த அந்தக் கிடங்குக்கு லோரியைத் திருப்பினேன். கட்டிலின் பலகை எல்லாம் போய்விட்டிருந்தது. நான்கு கால்கள் மட்டும் ஒரு மூலையில் கிடந்தன, உளுத்துப்போகாத தேக்கு. அவற்றை அறுத்து நாற்காலியின் கால்களை உயர்த்தினார் அக்கா. மிச்ச மரத்தில் கால் வைக்க ஒரு பலகையும், ஏறுவதற்கு ஒரு படியும் செய்தார். தேய்ந்த வலது காலைச் சரி செய்துவிட்டு, கைப்பிடியில் பெரியவரின் கை பட்டு வழுவழுப்பான இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டார். "அது அவர் செஞ்ச வேலை" என்றார். கடைசியாக முதுகுத் துணியை அடித்தார்.

நாற்காலியைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்தோம். சாம்பல் ஹாலில் அந்தப் பச்சை கண்ணைக் குத்தியது. பொதுவாக இந்த நேரத்தில் அக்கா கை கட்டி நிற்பார், உட்காருவதைப் பார்க்க. பெரியவர் ஏறவில்லை. கைத்தடியால் ஒரு காலைத் தட்டினார்.

"இது என் கட்டிலு மாதிரி இருக்கே."

"அதுதான் ஐயா" என்றேன். "மிச்சம் கிடைக்கல."

"ம்." மீண்டும் ஒருமுறை தட்டினார். பிறகு அக்காவிடம், "நீ உட்கார்ந்து பார்த்தியா?" என்றார்.

"நான் உட்கார மாட்டேன் ஐயா. வழக்கம் இல்ல."

"எனக்குக்கூட பூச்சோங் வழக்கம் இல்ல. உட்காரு."

அக்கா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். செருப்பு போடாத பாதத்தையே சேலையில் துடைத்துக்கொண்டு படியில் ஏறி உட்கார்ந்தார். கால் பலகைக்கு எட்டவில்லை, தொங்கியது. இரண்டு கைகளையும் கைப்பிடி மேல் படாமல் தூக்கி வைத்திருந்தார்.

"வண்டி தெரியுதா?"

"சுவருதான் ஐயா தெரியுது."

பெரியவர் சிரித்தார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்ப அளவு சரிதான். எனக்குத்தான் செஞ்சிருக்க."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சொல்லிக் கொடுத்த இடத்தைப் பார்த்தேன். முன்விளிம்பில் நாலு விரல் அகலத்தில் இருந்தார், முதுகுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு முழம்.

"அக்கா" என்றேன். "மீதி எங்க?"

என்னை முறைத்தார். பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். முதுகு துணியில் பட்டது. கைகள் இறங்கின, வலது உள்ளங்கை அந்தப் பெயிண்ட் இல்லாத இடத்தில் படிந்தது. பெரியவர் கைத்தடியை ஊன்றிப் பக்கத்தில் நின்று, கண்ணாடி வழியே பார்த்து, "இப்ப ஒண்ணு வருது" என்றார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "எத்தன பெட்டி ஐயா?" என்று கேட்டார்.